சிவப்பு நூல் பை

வெள்ளவத்தை
08.05.2025

மாண்புமிகு அக்கா நிருஷா அவர்களுக்கு,

வாட்ஸ்அப்பில என்னை புளொக் பண்ணிட்டாய். கோல் எடுத்தா சிங்களத்தில, தமிழில, இங்கிலிசில எண்டு மூண்டு மொழியிலயும் ஒரு பொம்பிளைக் குரல் என்னை வேண்டாம் எண்டு சொல்லுது. ஆனா சாப்பாட்டுக் கரியரை உன்னால புளொக் பண்ண ஏலாது. அதுக்குள்ள அம்மாவின்ர சோறு இருக்கு. அதால இந்தக் கடிதம் மூண்டாம் தட்டில, கத்தரிக்காய்க் குழம்புக்கு மேல, பொலித்தீனுக்குள்ள வருது. கோழித்தீனுக்குப் பிறகு எனக்குக் கிடைச்சது பொலித்தீன். வெள்ளவத்தையில இருந்து கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோவில உனக்குச் சோறு கொண்டு வாற இராமர் அண்ணைக்கு, தான் தபால்காரனும் எண்டு இன்னும் தெரியாது.

முதலில குற்றப்பத்திரிகை.

ஏப்ரல் அஞ்சாம் திகதி நாற்பது கோழிக்குஞ்சைப் பெட்டியில கொண்டு வந்து எங்கட பிளாட் மொட்டை மாடியில இறக்கினாய். இருபது ஒரு கூட்டில, இருபது மற்றக் கூட்டில. சிவப்பு நூல் கட்டின பைத் தீன் ஒரு கூட்டுக்கு, நீல நூல் கட்டினது மற்றக் கூட்டுக்கு. "எதுக்குள்ள என்ன எண்டு கேக்காதை, தெரிஞ்சா உன்ர கண் பொய் சொல்லும்" எண்டாய். ஓ.எல். சோதினை எழுதிப்போட்டு றிசல்ட் வரும்வரைக்கும் சும்மா கிடந்த நான், ஒவ்வொரு நாளும் நாற்பதையும் பிடிச்சுத் தராசில வைச்சு, என்ர புது ரீசேட் ரெண்டைக் கோழி எச்சத்துக்குத் தானம் பண்ணினன்.

இருபத்தெட்டாம் நாளுக்குப் பிறகு என்ன நடக்கும் எண்டு கேட்டன். ஞாபகம் இருக்கோ? "புத்தளத்தில ஒரு பண்ணை இருக்கு. அங்க தென்னைமரத்துக்குக் கீழ ஓடித் திரியும்" எண்டாய். தென்னைமரம் வரைக்கும் சொன்னாய் அக்கா! பொய்க்கு நிழலும் வைச்சுச் சொன்னாய்.

போன சனிக்கிழமை கோழி ஏத்த வந்த வான்காரனைக் கேட்டன், புத்தளத்துக்கு எத்தினை மணித்தியாலம் எண்டு. அவன் சிரிச்சான். "புத்தளமா? லேபுக்குத்தானே தம்பி. திங்கட்கிழமை வெட்டு. கால் எலும்பை எரிச்சுச் சாம்பலை நிறுப்பினம்" எண்டான். தீன் போட்டது நான், தீ வைச்சது நீ. உங்கட ஆய்வுகூடம் என்ர பிள்ளைகளுக்கு ஆவிகூடம்.

அதுக்குத்தான் குடும்பக் குறூப்பில மரண அறிவித்தல் போட்டனான். "கொழும்பைப் பிறப்பிடமாகவும் மொட்டை மாடியை வதிவிடமாகவும் கொண்ட, நிருஷாவின் பாசமிகு பிள்ளைகள் முப்பத்தொன்பது பேர்..." ரொறன்ரோ பெரியம்மா முதல் வரியோட மயங்கி விழுந்தது என்ர பிழையில்லை. முழுக்க வாசிச்சிருக்கோணும். அதுக்கு நீ உடுப்புப் பாக்கைத் தூக்கிக்கொண்டு உன்ர சிநேகிதி சுபோதினி அக்கா வீட்டுக்குப் போவாய் எண்டு நான் என்ன கனவா கண்டன்?

(முப்பத்தொன்பது ஏனெண்டா, பதினேழாம் நம்பரைக் காகம் கொண்டு போனது. முதலே சொன்னனான்.)

இப்படிக்கு
ஏமாந்த தம்பி
லவன்

பி.கு. கடிதத்தில கறை இருந்தா அது குழம்பு. கண்ணீர் எண்டு நினைச்சாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.


கொட்டாஞ்சேனை
10.05.2025

லவன்,

கரியரில் கடிதம் வைக்காதே. சோறு பொலித்தீன் மணக்கிறது.

பொய் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் நீ பார்த்திருக்க மாட்டாய். எனக்கு வேறு ஆளும் இல்லை, இடமும் இல்லை. அவ்வளவுதான். சனிக்கிழமைகளில் நீ வாங்கித் தின்னும் கொத்துரொட்டிக்குள் இருப்பதும் கோழிதான். அதற்கு நீ ஒரு நாளும் அறிவித்தல் போடவில்லை.

அந்த அறிவித்தலைப் பற்றி ஒன்றே ஒன்று. அது அப்பாவின் அறிவித்தல். பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றியிருக்கிறாய். இரண்டு வருஷத்துக்கு முன் செத்தவீட்டுக்கு வந்து நின்ற பெரியம்மாதான் அதை எழுதினவா. "பாசமிகு" என்ற சொல்லுக்கு முன்னால் எவ்வளவு நேரம் பேனையை வைத்துக்கொண்டு இருந்தவா என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நான் பாக்கைத் தூக்கினது கோழிக்காக இல்லை.

இனி வேலை.

நீ ஒரு நாளும் கேட்டதில்லை, ஆனாலும் எழுதுகிறேன். சோளத்திலும் சோயாவிலும் கோழியின் எலும்புக்குத் தேவையான பொஸ்பரஸ் இருக்கிறது. ஆனால் பூட்டுக்குள் இருக்கிறது. கோழியின் குடலில் அதற்குச் சாவி இல்லை. அந்தச் சாவிதான் நொதியம். தீனோடு கலந்து கொடுக்கலாம். ஆனால் ஆலையில் தீனை நீராவியில் சூடாக்கிக் குளிகையாக அழுத்துவார்கள். எண்பத்தைந்து பாகைச் சூட்டில் சாவி கெட்டுவிடும். நொதியத்தை ஒவ்வொரு இடமாக மாற்றி மாற்றி, சூட்டில் கெடாத ஒன்றைத் தேடினேன். மூன்று வருஷம். இருநூற்றுப் பன்னிரண்டு மாற்றம். எண்பத்தெட்டாவது மட்டும் தப்பியது. குழாய்க்குள் தப்பியது கோழிக்குள்ளும் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் உன் நாற்பது குஞ்சுகளும்.

இரண்டு பையிலும் பொஸ்பரஸ் குறைந்த ஒரே தீன். ஒன்றில் மட்டும் 88. மற்றதைத் தின்றவையின் எலும்பு பலவீனமாக இருந்திருக்க வேண்டும். நேற்று முடிவு வந்தது. இரண்டு பக்கமும் ஒரே பலம்.

லேபுக்குப் பொறுப்பான கஜேந்திரன் சேர் சொல்கிறார், நான் தீனைப் பிழையாகக் கலந்துவிட்டேனாம். மே 31 உடன் என் ஒப்பந்தம் முடிகிறது. தீன் கலக்கத் தெரியாதவளை இன்னொரு வருஷம் வைத்திருக்க மாட்டார்கள். 88 குளிரூட்டிக்குள் போகும். பிறகு ஒருவரும் எடுக்க மாட்டார்கள்.

நான் நான்கு தரம் நிறுத்துத்தான் கலந்தேன். ஆகவே உன்னைக் கேட்கிறேன். பகிடி வேண்டாம். மழை பைக்குள் போனதா? நூல் மாறினதா? கோழிகள் வேறு ஏதாவது தின்றனவா?

ஒரு கிலோக் கோழியைக் காகம் தூக்கியது என்று அறிக்கையில் எழுதியிருக்கிறேன், நீ சொன்னபடியே. சேர் அதை வாசித்துச் சிரித்தார்.

நிருஷா


வெள்ளவத்தை
12.05.2025

அக்கா,

இண்டைக்கு வெசாக், புத்தற்ற நாள். நாடு முழுக்க இறைச்சிக்கடை பூட்டு, சிறையில இருக்கிறவைக்குப் பொது மன்னிப்பு. உன்ர லேப் ஒரு கிழமை பிந்தியிருந்தா என்ர பிள்ளைகளும் லிஸ்டில வந்திருக்குங்கள்.

கொத்துக்குள்ள இருக்கிறது எனக்குத் தெரியாத கோழி. தெரிஞ்சதும் தெரியாததும் ஒண்டுதான் எண்டா, பேப்பரில வாற எல்லா அறிவித்தலுக்கும் நாங்கள் அழவேணும்.

அப்பாவின்ர வசனம்... அது நான் யோசிக்கேல்லை. பாத்து எழுத எனக்கு ஒரு மாதிரி தேவைப்பட்டது. என்ர ஃபோனில இருந்தது அது ஒண்டுதான். அதை நான் அழிக்காமல் வைச்சிருந்தனான் எண்டதையும் நீ கொஞ்சம் யோசி.

உன்ர கேள்விகளுக்குப் பதில். மழை இல்லை. நூல் மாறேல்லை. சிவப்பு சிவப்பாவும் நீலம் நீலமாவும் கடைசிவரைக்கும் ஒழுக்கமா இருந்தவை. வேற என்ன தின்னுறது? மொட்டை மாடியில என்ன கிடைக்கும், ஃப்ரைட் றைஸா? தண்ணித் தாங்கியும் கீழ்வீட்டு ஸவாஹிர் நானா துவைச்சுப் போட்ட சாரமும்தான் காயுது. சாரத்தை ஒண்டும் தின்னேல்லை, எண்ணிப் பாத்தனான்.

நீ நொதியம் எண்டு நொந்து போயிட்டாய், அதுதான் எல்லாரையும் சந்தேகப்படுறாய். அம்மாவும் அப்படித்தான். நெத்தலிக் கருவாட்டு டின் வேளைக்கு முடியுதாம். பூனையா இருக்கும் எண்டன். எங்களிட்டப் பூனை இல்லையே எண்டா. அதுதானே அம்மா பிரச்சினை எண்டன்.

லவன்


கொட்டாஞ்சேனை
14.05.2025

லவன்,

உன் பதிலை நம்பினேன்.

இன்று காலை சேர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "கோழி பார்த்தது உங்கட தம்பி. பகிடிக்காரப் பொடியன் எண்டு நீங்களே சொல்லியிருக்கிறீங்கள். அவன் ஏதும் செய்திருக்க மாட்டானா?" என்றார். நான் பேப்பர் வாங்கி எழுதிக் கொடுத்தேன். "என் தம்பி எல்லாவற்றிலும் விளையாடுவான். ஆனால் நான் நேராகக் கேட்டால் பொய் சொல்ல மாட்டான்." அதற்குக் கீழே, தீனைக் கலந்ததில் பிழை என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். மழை இல்லை, நூல் மாறவில்லை, வேறு ஒன்றும் தின்னவில்லை என்றால் மிச்சமிருப்பது நான்தானே.

நான்கு தரம் நிறுத்தது எனக்கு நல்ல ஞாபகம். ஆனால் இப்போது அந்த ஞாபகமே சந்தேகமாக இருக்கிறது. அதுதான் கஷ்டம்.

88 ஐ நானே குளிரூட்டியில் வைத்தேன். சின்னக் குழாய்கள், ஆறு. ஜூனில் வெள்ளவத்தையில் எங்காவது ரியூசன் கொடுக்கலாம் என்று சுபோதினி சொல்கிறாள். உயிரியல் படிப்பிக்க ஆள் தேவையாம்.

அம்மாவிடம் இப்போது சொல்லாதே.

நிருஷா


வெள்ளவத்தை
15.05.2025

அக்கா,

சோறு சாப்பிட முதல் இதை வாசி. இல்லாட்டி சாப்பிட்டிட்டு வாசி. இதை வாசிச்சா உனக்குச் சோறு இறங்காது.

நெத்தலி.

பதினோராம் நாளில இருந்து சிவப்பு நூல் கூட்டில ஒவ்வொண்டா காலை மடிச்சு இருக்கத் தொடங்கிச்சுது. இருந்தா எழும்பாது. பதினேழாம் நம்பர் மோசம். தீன் தட்டுக்கு முழங்காலில வந்து, ரெண்டு வாய் கொத்திப்போட்டுச் சரிஞ்சு விழும். எதுக்குள்ள என்ன எண்டு தெரியக்கூடாது எண்டாய். கண்ணுக்கு முன்னால இருபது நொண்டேக்க எப்படி அக்கா தெரியாமல் இருக்கிறது? உன்னட்டச் சொல்லத்தான் கோல் எடுத்தனான். "எழுதி வை, வேற ஒண்டும் செய்யாதை, நான் பிசி" எண்டு வைச்சிட்டாய்.

ஏப்ரல் பத்தொன்பது. பதினஞ்சாம் நாள். அம்மாவின்ர கிறைண்டரில நெத்தலியையும் முட்டைக்கோதையும் அரைச்சுச் சிவப்பு நூல் கூட்டுக்கு வைச்சன். பிறகு ஒவ்வொரு நாளும். நெத்தலி வைச்ச ஆறாம் நாள் பதினேழு எழும்பி நிண்டுது. நான் மொட்டை மாடியில தனியக் கைதட்டினன். ஸவாஹிர் நானா கீழ இருந்து "தம்பி, கிரிக்கெட் மெச்சா?" எண்டு கேட்டார். ஓம், வெண்டிட்டம் எண்டன்.

எல்லாம் நல்ல காலோட இருந்தா உனக்கும் சந்தோசம் எண்டு நினைச்சன். நொண்டுறதுதான் உனக்குத் தேவை எண்டு நீ எனக்குச் சொல்லேல்லை.

காகமும் நான்தான். புத்தளத்துக்கு எல்லாத்தையும் விட மனம் வரேல்லை, ஒண்டை வைச்சிருப்பம் எண்டு வான் வர முதல் நாள் பதினேழைத் தண்ணித் தாங்கிக்குப் பின்னால ஒளிச்சன். அது இப்பவும் அங்கதான் இருக்கு.

நீ நேராக் கேட்டாய், திங்கட்கிழமை நான் பொய் சொன்னன். பயத்தில எண்டு எழுதலாம். பயமில்லை. நீ என்னை ஏமாத்தினாய், உன்ர வேலையும் நொண்டட்டும் எண்டு நினைச்சன். மூண்டு நாள் அப்படித்தான் நினைச்சுக்கொண்டு இருந்தன். பிறகு நீ சேருக்கு எழுதிக் குடுத்த வசனம் வந்துது. அதை எழுதாமல் விட்டிருந்தா நான் நிம்மதியாப் பொய்யனா இருந்திருப்பன்.

மூண்டாம் தட்டில என்ர கொப்பி இருக்கு. உனக்கு நான் தந்தது வடிவா எழுதின கொப்பி. இது உண்மையான கொப்பி. நிறையும் இருக்கு, நெத்தலியும் இருக்கு, எத்தினை பிடி எண்டும் இருக்கு. அதோட சேருக்கு ஒரு கடிதம். அதில ஒரு பகிடியும் இல்லை, அம்மாவாணை.

லவன்


கொட்டாஞ்சேனை
21.05.2025

லவன்,

இடியப்பம் என்று நினைத்து மூன்றாம் தட்டைத் திறந்தேன்.

கொப்பியைச் சுபோதினி வீட்டுச் சமையலறையில் நின்றபடியே வாசித்தேன். பதினான்காம் நாள் வரை நீலக் கூடு ஒவ்வொரு நாளும் மேலே போகிறது, சிவப்பு பின்னால் நிற்கிறது. பதினைந்தாம் நாள்: "நெத்தலி மூண்டு பிடி, கோது ரெண்டு, அம்மாவுக்குத் தெரியாது." அதற்குப் பிறகு நெத்தலி முள்ளின் பொஸ்பரஸில் சிவப்பு எட்டிப் பிடிக்கிறது. நீலப் பைக்குள்தான் 88 இருந்தது. அது வேலை செய்திருக்கிறது, லவன். நான் சரியாகத்தான் கலந்திருக்கிறேன்.

நான் அழுதேன். எதற்கு என்று கேட்காதே, எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நான் செய்யாத பிழைக்குக் கையெழுத்து வைத்து, என் கையையே நம்பாமல் ஒரு நாள் முழுக்க இருந்திருக்கிறேன். நீ உண்மையைத் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறாய்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு, அக்காவைக் காப்பாற்றத் தம்பி எழுதின கதை என்றார் சேர். பிறகு கொப்பியை மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனார். நெத்தலி மணம். எழும்பி யன்னலைத் திறந்தார்.

ஒப்பந்தத்தை ஜூலை கடைசி வரை நீட்டியிருக்கிறார். திருப்பி ஒரு தரம் செய்ய வேண்டும். பதினான்கு நாள் கொப்பியை ஆலைக்காரர்கள் ஏற்க மாட்டார்கள். லேபின் கோழிக்கூடு ஆகஸ்ட் வரை நிறைந்து இருக்கிறது. மொட்டை மாடிதான். கோழி பார்க்க உன்னைத்தான் கேட்கச் சொன்னார். "களவையும் திகதி போட்டு எழுதி வைக்கிற பொடியன்" என்றார். அது அவருடைய எண்ணம். நான் கேட்டிருக்க மாட்டேன்.

இந்த முறை எல்லாம் சொல்கிறேன். எந்த நிற நூல் பைக்குள் 88 என்று மட்டும் சொல்ல மாட்டேன். ஒரு கூடு நொண்டும். நீ பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும், ஒன்றும் செய்யக்கூடாது. இருபத்தெட்டாம் நாள் வான் வரும். புத்தளம் இல்லை, பண்ணை இல்லை. நாற்பதையும் கொல்லுவோம், காலை எரிப்போம்.

முடியுமா, முடியாதா? ஒரு சொல் போதும். முடியாது என்றால் கோபிக்க மாட்டேன். ஏற்கெனவே இருக்கிற கோபம் போதும்.

பதினேழு இனி ஒன்றுக்கும் உதவாது. ஆகவே அதை நீயே வைத்திரு.

நிருஷா


வெள்ளவத்தை
22.05.2025

அக்கா,

ஓம்.

லவன்

பி.கு. ஒரு சொல் எண்டு நீதான் சொன்னனீ. எனக்கு வேற நிறையச் சொல் இருந்தது.


வெள்ளவத்தை
23.06.2025

அக்கா,

கொப்பி மூண்டாம் தட்டில. இந்த முறை ஒரே ஒரு கொப்பிதான். நாளைக்கு இருபத்தெட்டாம் நாள். காலமை எட்டு மணிக்கு வான் வரும் எண்டு இராமர் அண்ணையிட்டச் சொல்லி விட்டிருந்தாய். அவர் அதைச் சொல்லேக்க என்ர முகத்தைப் பாக்கேல்லை. அவருக்கு எல்லாம் தெரியும் போல. கரியர் திறந்து வாசிக்கிறவரோ தெரியாது.

முதல் நாளே நெத்தலி டின்னை அம்மாவிட்டக் குடுத்து அலுமாரியில வைச்சுப் பூட்டச் சொன்னன். ஏன் எண்டு கேட்டா. எனக்குச் சாவி தர வேண்டாம் எண்டு மட்டும் சொன்னன். அம்மா அதை இடுப்பில செருகிக்கொண்டு திரியிறா. நான் ரெண்டு தரம் கேட்டனான். ஒரு தரம் பதின்மூண்டாம் நாள், ஒரு தரம் இருபதாம் நாள். ரெண்டு தரமும் தரேல்லை. கொப்பியில எழுதியிருக்கிறன்.

எந்தக் கூடு நொண்டுது எண்டு இங்க எழுதமாட்டன். கொப்பியைத் திறக்க முதல் தெரிஞ்சா உன்ர கண்ணும் பொய் சொல்லும். நொண்டுது எண்டு மட்டும் சொல்லுறன். நல்லா நொண்டுது. மற்றது சண்டியர் மாதிரி நடக்குது. உன்ர 88 உயிரோட இருக்கு, அக்கா. நீ ரியூசன் குடுக்கத் தேவையில்லை.

பேர் வைக்கேல்லை. நம்பர் மட்டும்தான். ஆனா ஆறாம் நம்பருக்கு என்ர செருப்பு வார் பிடிக்கும். அதைக் கொப்பியில எழுதேல்லை, ஏனெண்டா அது நிறை இல்லை.

பதினேழு பெருத்துப் போச்சு. தாங்கிக்குப் பின்னால இருந்து எட்டிப் பாக்குது. நான் கூட்டுக்குக் கிட்டப் போனா அதுவும் வருது. இப்ப நான் அதைத் துரத்துறன். ஏன் எண்டு தெரியேல்லை. அது பாத்துக்கொண்டு நிக்கேக்க எனக்கு வேலை ஓடுதில்லை.

நீ இன்னும் வீட்டுக்கு வரேல்லை. வரச் சொல்லி எழுதலாம் எண்டு பாத்தன், ஆனா அது நான் கேக்கிற விசயம் இல்லை. அம்மா உன்ர கட்டிலில துவைச்ச உடுப்பு ஒண்டும் போடுறதில்லை, கதிரையிலதான் போடுறா. அதை மட்டும் சொல்லுறன்.

பெரியம்மாவுக்குக் கோல் எடுத்தனான். மன்னிப்புக் கேட்டன். அவ அழுதுபோட்டு, சிரிச்சுப்போட்டு, எத்தினை கோழி எண்டு கேட்டா.

இண்டைக்குப் பின்னேரம் கடைசித் தீன். வழக்கம் போலத் தகரத்தைத் தட்டினன். முதல் நாளில இருந்து அந்தச் சத்தத்துக்குப் பழக்கினது நான்தானே. நல்ல கால் இருபதும் பறந்து வந்து விழுந்தடிச்சுத் தின்னத் தொடங்கிச்சுதுகள். மற்ற இருபதும் எழும்பப் பாத்துதுகள். அதில ஒண்டு, நம்பர் சொல்லமாட்டன், முழங்காலில வந்து, தட்டை விட்டிட்டு என்ர கையைக் கொத்திச்சுது. நான் அதுக்குப் பக்கத்தில நிலத்தில இருந்தன். தலையைச் சரிச்சு ஒரு கண்ணால என்னைப் பாத்துக்கொண்டே இருந்துது.

ஒண்டும் செய்யக்கூடாது எண்டாய். ஒண்டும் செய்யேல்லை. ஆனா ஏதாவது சொல்லவேணும் போல இருந்துது.

புத்தளத்துக்குப் போறீங்கள் எண்டு சொன்னன், அக்கா. தென்னைமரம் வரைக்கும் சொன்னன்.

லவன்